தீவகத்திலிருந்து புறப்பட்டோர்: மலாயா முதல் கனடா வரை

எமது பழைய மாணவியர் சங்கத்தின் பதிவேடுகளை முதலிலிருந்து புரட்டுபவர்கள் ஒரு விடயத்தைக் கவனிப்பார்கள். ஆரம்ப ஏடுகளில் உள்ள முகவரிகள் கரம்பொன், நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்றிருக்கும். சில பக்கங்கள் தள்ளித் தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் என்று வரும். பிறகு கொழும்பு, பதுளை, இலண்டன். அதற்குப் பிறகு உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். இன்று ரொறன்ரோவில் நடக்கும் ஒன்றுகூடலுக்கு வருவோர் தொகை, ஊரில் நடக்கும் பொதுக்கூட்டத்துக்கு வருவோரிலும் அதிகம். கல்லூரியின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த முகவரிகள் ஏன் மாறின என்பதை நாம் எழுத எடுத்துக்கொண்டோம்.

தீவகம் ஒருபோதும் தன் மக்கள் எல்லோருக்கும் சோறு போட்ட நிலமல்ல. ஆறில்லை, குளங்கள் சிறியவை. தோண்டினால் முருகைக்கல். கிணறுகளிற் பாதி உவர். மாரி மழையை நம்பி ஒரு போகம் நெல்லும், குரக்கனும், புகையிலையும், பனையும், கடலும் தந்தவற்றைக் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்கலாம். அக்குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளும் அதே காணியைப் பங்கிட்டுப் பிழைக்க முடியாது. எனவே மூத்தவனை எங்காவது அனுப்ப வேண்டும். “போய் உழைச்சுக்கொண்டு வா” என்பது எமது வீடுகளில் மிகப் பழைய வாக்கியம்.

கடல் எமக்குத் தடையாக இருந்ததென்று வெளியூரார் நினைப்பதுண்டு. உண்மையில் கடல்தான் பாதை. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைகளின் துறைமுகம் என்று அழைத்தார்கள். வன்னியிலிருந்து கொண்டுவந்த யானைகள் இங்கிருந்துதான் கப்பலேறின. ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினார்கள். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று, நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தன, டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் காலத்திலும் பாய்க்கப்பல்கள் யாழ்ப்பாணப் புகையிலையைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோயின, தஞ்சைக் கரையிலிருந்து அரிசி கொண்டுவந்தன. ஊர்காவற்றுறையில் நின்றால் நாகபட்டினம் கொழும்பைவிடக் கிட்டத்தில் இருந்தது. வள்ளம் தெரிந்த சனத்துக்கு கப்பல் பயம் தருவதில்லை.

ஆனால் சம்பளத்துக்காகக் கடல் கடந்த கதை மலாயாவோடுதான் தொடங்குகிறது. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பாதை வந்தால் நிலைய அதிபர் வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும், நில அளவைக்கும் தந்திக்கும் வைத்தியசாலைக்கும் ஆள் வேண்டும். ஆங்கிலம் படித்த, அரைச் சம்பளத்துக்கு வெள்ளைக்காரனின் வேலையைச் செய்யக்கூடிய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அமெரிக்க மிசனும் கத்தோலிக்கத் திருச்சபையும் பின்னர் சைவப் பெரியார்களும் நடத்திய பாடசாலைகள் அவர்களை உருவாக்கியிருந்தன. கொழும்பில் கிடைக்காத உத்தியோகம் கோலாலம்பூரில் கிடைத்தது. சம்பளமும் கூட, இறுதியில் பென்சனும் உண்டு. 1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை பூர்த்தியானபின் பயணம் இன்னும் இலகுவாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஏறினால் கொழும்பு, அங்கிருந்து கப்பலில் பினாங்கு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எம்மவர் கந்தசுவாமி கோவில் கட்டினார்கள், 1904 இல் விவேகானந்த ஆச்சிரமத்தைத் தொடங்கினார்கள். கோவிலும் பள்ளிக்கூடமும் கட்டிய பிறகுதான் யாழ்ப்பாணத்தவன் ஓர் இடத்தைத் தன் ஊர் என்று ஒத்துக்கொள்வான்.

மலாயா பென்சன்காரர் கட்டிய கல்வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த வீடுகளுக்குள் இருபது, இருபத்தைந்து வருடம் தனித்திருந்த பெண்களைப் பற்றி எழுதியோர் குறைவு. கணவனோடு கப்பலேறியவர்களும் உண்டு. ஆனால் மாமியாரைப் பார்க்கவும், காணியைப் பார்க்கவும், பிள்ளைகளை ஊர்ப் பாடசாலையிற் படிப்பிக்கவும் என்று நிறுத்தப்பட்டவர்கள் பலர். மாதாமாதம் மணியோடர் வரும், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லீவு வரும், லீவுக்குப் பிறகு ஒரு பிள்ளை வரும். காணியை அளந்து வேலி அடைத்து, கிணறு வெட்டி, மேசனோடு கூலி பேசி, வீடு எழுப்பி முடித்தவர் அந்தப் பெண். வாசற்படிக் கல்லில் பொறிக்கப்பட்டது கணவனின் பெயர்.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். எமது தேசவழமை 1707 இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டது. அதன்படி பெண்ணுக்குச் சீதனம் அவளது சொந்தச் சொத்து. மற்றச் சமூகத்துப் பெண்களுக்கு இல்லாத உரிமை என்று நாம் பெருமைப்படுவதும் உண்டு. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் ஈப்போவில் இருக்கிறான், மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, காணியை ஈடுவைக்க ஒரு கையெழுத்து வேண்டும். கடிதம் கப்பலிற் போய், கையெழுத்தோடு திரும்பிவர வாரங்கள் எடுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் இருப்பது ஆடம்பரமல்ல, தேவை. பெண் கல்வியின் விளைவாக மலாயாவைச் சொல்வோர் உண்டு. மலாயாவும் பெண் கல்விக்கு ஒரு காரணம் என்பது எமது அபிப்பிராயம். தன் பெயரிலுள்ள உறுதியைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ளும் பெண்ணை அந்த நாட்கள் வேண்டி நின்றன.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதோடு தபாலும் மணியோடரும் நின்றன. மூன்றரை வருடம் பல வீடுகளில் கணவன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாது. தாலி கழற்றுவதா விடுவதா என்ற கேள்வி வெறும் பேச்சாக இருக்கவில்லை. தீவுப் பெண்கள் அந்த வருடங்களைப் பனையோலை இழைத்தும், ஒடியல் காயவைத்தும், நகையை ஒவ்வொன்றாக அடைவுவைத்தும் கடந்தார்கள். அக்கரையிலோ யாழ்ப்பாண வம்சாவளிப் பெண்கள் சிலர் நேதாஜியின் ஜான்சிராணிப் படையிற் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ராசம்மா பூபாலன். ஈப்போவிற் பிறந்தவர், போருக்குப் பின் ஆசிரியையானார், 1960 இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைத்து, ஆணுக்குச் சமமான சம்பளம் பெண்ணுக்கும் வேண்டுமென்று போராடினார். நல்ல வேலை தேடிப்போன தலைமுறையின் மகள், போன இடத்தில் அந்த வேலையை நல்லதாக்கப் போராடியிருக்கிறாள். இவரது பெயர் எமது பாடப்புத்தகங்களில் இல்லாதது ஒரு குறை.

மலாயா வழி எமக்குக் கிடைத்த இன்னொரு பெரியவர் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 இல் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவர் முயற்சியால். அடிகளார் சம்பளத்துக்காகப் போனவரல்லர். எனினும் அந்த மாநாட்டுக்கு மண்டபமும் மக்களும் அங்கே ஆயத்தமாக இருந்ததற்கு, அவருக்கு முன்னே போய்க் குடியிருந்த தமிழரும் ஒரு காரணம்.

மலாயாவுக்கு எல்லோரும் போகவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் இடமும், கட்டணம் கட்டப் பணமும், சிபாரிசு செய்ய ஒரு மாமாவும் இருந்தவர்களே போனார்கள். எமது தீவுகளில் அந்தப் பள்ளிக்கூட வாங்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்க முடியாத காலம் அது. 1945 இல் இலவசக் கல்வி வந்த பிறகும் நிலைமை ஒரே நாளில் மாறவில்லை. புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1970களின் தொடக்கத்தில் நன்னீர்க் கிணறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பொதுவாக வேண்டுமென்று சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தது. குடிநீருக்கே இந்த நிலை என்றால் கப்பல் டிக்கற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தீவகத்தின் பெருமைக்குரிய புலப்பெயர்வு வரலாறு என்று நாம் சொல்வதில் இந்தப் பாதி விடுபட்டால் அது வரலாறாகாது.

உத்தியோகம் கிடைக்காதவர்களுக்குத் தென்னிலங்கை இருந்தது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் ஆட்கள் கொழும்பிலிருந்து மலைநாட்டுச் சிறு பட்டினங்கள்வரை சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிற் கடைக்குப் போன பையன் பகலில் அங்கேயே நின்று, இரவில் சாக்குகளுக்கு நடுவே படுத்து, கோவில் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருவான். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் என்று விதித்தது. சொந்தக்காரனின் கடையில் சொந்தக்காரனின் பிள்ளைக்கு மணிக்கூடு பார்ப்பவர் யார்? ஆயினும் பத்து வருடத்தில் அவன் தனக்கென்று ஒரு கடை போட்டான். அந்தக் கடைகள் 1958 இலும் 1977 இலும் எரிந்தன, திரும்பக் கட்டப்பட்டன. 1983 ஜூலையில் எரிந்தபோது பலர் திரும்பக் கட்டவில்லை.

1956 இன் தனிச்சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தையும், 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் ஒடுக்கின. 1957 இல் மலாயா சுதந்திரமடைந்த பின் அந்தப் பக்கத்துக் கதவும் ஏறக்குறைய மூடிக்கொண்டது. இந்த இடத்தில்தான் எமது மாணவியர் முதன்முறையாக மனைவியராக அன்றி, வேலைக்காரராகக் கடல் கடக்கிறார்கள். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்குத் தாதியர் போதவில்லை. பயிற்சியின்போதே சம்பளமும் விடுதியும் கிடைத்தன. ஆனால் அங்கே இரண்டு வகைப் பயிற்சி இருந்தது. மூன்று வருடம் படித்தால் எஸ்.ஆர்.என்., இரண்டு வருடம் படித்தால் எஸ்.ஈ.என். வெளிநாட்டிலிருந்து போன பிள்ளைகளிற் பலர், வித்தியாசம் விளங்குமுன்பே இரண்டாவதில் சேர்க்கப்பட்டார்கள். அதில் பதவி உயர்வுக்கு இடம் குறைவு. பல நாடுகளில் அந்தத் தகுதி செல்லுபடியாகவுமில்லை. பின்னர் இரவு வேலை செய்துகொண்டே திரும்பப் படித்து மேலே வந்தவர்கள் எமது சங்கத்தின் இலண்டன் கிளையில் இருக்கிறார்கள். தம் தம்பிமாரின் படிப்பையும் தங்கைமாரின் சீதனத்தையும் அந்தச் சம்பளத்திலிருந்தே கட்டியவர்கள். இவர்களில் சிலர் தமக்கென்று கலியாணம் பேச யாரும் நினைக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டு வைக்கிறோம்.

நோர்வேக்கான வழி வேறு விதமாகத் திறந்தது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் அந்நாட்டுக்குப் போனார். 1960களின் பிற்பகுதியில் அவரும் நோர்வே நண்பர்களும் சீநோர் என்ற மீன்பிடி அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்க, காரைநகரில் படகு கட்டும் தளம் உருவானது. ஊரிலேயே நல்ல தொழில் உண்டாக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம். அதன் தொடர்பால் எழுபதுகளில் இளைஞர்கள் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்கப் போனார்கள். எண்பதுகளில் அந்தச் சிறு பாதை அகன்று, வடதுருவத்துக்குக் கிட்டிய பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் தமிழ் கேட்டது. மீனைப் பற்றி எமக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. குளிரைப் பற்றி நிறைய இருந்தது.

1983 க்குப் பிறகு போனவர்களை நல்ல சம்பளம் தேடிப் போனவர்கள் என்று சொல்வது பொருந்தாது. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, சிறு குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக அந்த ஒரே வழியைத் தவிர வேறில்லாத தீவு அது. அதற்குப் பிறகு ஒரு தகப்பன் காணியை விற்று முகவருக்குக் கட்டியதை யார் குறை சொல்வது? மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு வந்து, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தவர்கள் பலர். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். 1990 ஓகஸ்டிலும் 1991 இலும் தீவகம் போர்க்களமானபோது மக்கள் கையிலகப்பட்டதோடு குடாநாட்டுக்கு ஓடினார்கள். தீவகப் பாடசாலைகள் சில யாழ். நகரில் வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் மாலைநேரப் பாடசாலைகளாக இயங்கின. 1995 ஒக்ரோபர் 30 இல் அங்கிருந்தும் இடம்பெயர வேண்டி வந்தது. ஊரில் ஒரு முறை, யாழ்ப்பாணத்தில் ஒரு முறை, வன்னியில் சில முறை என்று வீட்டை விட்டவர்களுக்கு வெளிநாடு அடுத்த இடப்பெயர்வு மட்டுமே.

அங்கு கிடைத்த வேலையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பாரிஸில் சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவினார்கள், சூரிச்சில் கட்டடம் துடைத்தார்கள், ரொறன்ரோவில் இரவுநேரத் தொழிற்சாலையில் நின்றார்கள். ஊரில் பட்டதாரி ஆசிரியையாக இருந்தவர் அங்கே மற்றவர் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டினார். இதைத் தாழ்வென்று மறைத்து, “நிர்வாகப் பகுதியில் வேலை” என்று ஊருக்குக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் எம் கையில் எம் பெயருக்குச் சம்பளம் வந்ததும், பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்ததும், வங்கிக் கணக்குத் திறக்கக் கணவனின் கையெழுத்துத் தேவைப்படாததும் பலருக்கு முதல் அனுபவம். கோப்பை கழுவிய கைக்கே முதலில் அந்த மரியாதை கிடைத்தது. மற்றப் பக்கத்தில், குழந்தை பெற்ற வீட்டில் உதவிக்குத் தாய் இல்லை, மொழி தெரியாத வைத்தியரிடம் சொல்ல முடியாத நோய்கள் இருந்தன, இரண்டு வேலை பார்த்த கணவனும் மனைவியும் கதவடியில் மட்டும் சந்தித்தார்கள். வாழ்க்கைத்தரம் என்ற சொல்லை அளக்கும்போது இவை எந்தத் தட்டில் வரும் என்று எமக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. இக்கட்டுரைக்காகக் கூடியபோதுகூட வாதம் முடியவில்லை.

இனி ஊர். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகு அம்மன் திருவிழாவில் நிரம்பி வழிகிறது. வழிபட்டவர்கள் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். நெடுந்தீவின் சனத்தொகை இன்று ஐயாயிரத்தைத் தொடாது. ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவான தீவு அது. புங்குடுதீவில் மேல்மாடி வீடுகள் ஆலமரம் முளைத்துப் பிளந்து கிடக்கின்றன. ஆசிரியைகள் காலைப் படகில் வந்து மதியப் படகில் போகிறார்கள். கடல் குழம்பினால் அன்று பாடம் இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. தாதியரும் வைத்தியரும் ஆசிரியரும் மறுபடி புறப்பட்டார்கள், இம்முறை குண்டுக்குப் பயந்தல்ல. நூறு வருடத்துக்கு முன் தைப்பிங்குக்குப் போன கிளாக்கரின் அதே கணக்குத்தான்: மாதச் சம்பளத்தை அரிசி விலையால் வகுத்துப் பார்ப்பது. அன்று போனவர் குடும்பத்தைப் பிறகு அழைக்கலாம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. பிரித்தானியாவில் 2024 மார்ச்சில் வந்த விதியின்படி, பராமரிப்பு ஊழியராகப் புதிதாகப் போன பெண் தன் கணவனையோ பிள்ளையையோ கூட்டிச்செல்ல முடியாமற் போயிற்று. மலாயாக் காலத்தில் வீட்டில் நின்றவள் பெண். இப்போது போகிறவளும் அவள், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள்.

எமது கல்லூரியில் இப்போது உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் எங்கே போக விருப்பம் என்று கேட்டால் நாட்டின் பெயர் வருகிறது. என்ன வேலை என்பது பிறகுதான். அவர்களைத் தடுக்க எமக்கு முகமில்லை. எங்கள் காசில் கட்டிய விஞ்ஞான கூடத்தில் படித்துவிட்டு அவர்களும் எங்களைப் போலப் போகிறார்கள். ஆனால் எந்தப் பயிற்சி எந்த நாட்டில் செல்லும், முகவர் காட்டும் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவது எதற்கு என்பவற்றை அங்கே நாற்பது வருடம் வேலை செய்த அக்காமார் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? இரண்டு வருடப் பயிற்சிக்கும் மூன்று வருடப் பயிற்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்து வைத்த பிள்ளைகள் எமது காலத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

காணி பற்றியும் ஒரு சொல். பத்து வருடம் தடையின்றி ஒருவர் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். போரினால் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016 இல் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்று வந்தது. அதற்கும் காலவரையறை இருந்தது. அம்மாவின் சீதனக் காணி அம்மாவின் பெயரிலேயே கிடக்கிறதா, அற்றோணித் தத்துவம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, தந்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதை அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நல்லூரில் நிற்கும் பத்து நாளில் ஒரு நாள் போதும்.

இக்கட்டுரைக்கு ஆதாரம் தேடியபோது எமக்கு அதிகம் உதவியவை மலாயா முத்திரை ஒட்டிய கடிதங்களும், மணியோடர் துண்டுகளும், உறுதிகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்குகளும். கறையான் அரித்தவை போக மிஞ்சியவை சில வீடுகளில் இன்னும் இரும்புப் பெட்டிகளில் உள்ளன. சில ரொறன்ரோவின் நிலக்கீழ் அறைகளுக்குப் போயிருக்கின்றன. அவற்றைப் பிரதியெடுத்து, பின்புறம் ஆளின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். படத்தில் நிற்கும் பெண்ணின் பெயர் தெரியாவிட்டால் ஊரில் எவராவது ஒரு ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். “மலாயா மாமாவின் மனுசி” என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்.